வள்ளிக்கண்ணு ரத்தமும் என் ரத்தமும்

வள்ளிக்கண்ணுக்குக் கண் ஆபரேஷன் ஆகிவிட்டது, எனக்கு ஆகவில்லை. என் வியாதி அங்கிருந்துதான் தொடங்குகிறது.

வள்ளிக்கண்ணு என் ஓரகத்தி. கொழுந்தன் பெண்டாட்டி. திருவரங்குளத்துக்குக் கிழக்கே ஒரே வாசலுக்குள் இரண்டு அடுப்பு வைத்துக் காலம் தள்ளுகிறோம். என் வீட்டுக்காரரும் போய்விட்டார், அவள் வீட்டுக்காரரும் போய்விட்டார். அவளுக்கு ஒரே மகள், கட்டிக்கொடுத்துத் திருப்பூரில் இருக்கிறாள். என் மகன் முத்துக்குமாரும் மருமகள் சுகன்யாவும் என்னோடு இருக்கிறார்கள். முத்துக்குமார் என்னை ஆத்தா என்பான், அவளைச் சின்னாத்தா என்பான். இரண்டையும் ஒரே குரலில் கூப்பிடுவான். அதுவே எனக்குப் பிடிக்காது.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். பிறகு அறிவொளி வகுப்பு வந்தபோது மறுபடி எழுத்துக் கூட்டினேன். வள்ளிக்கண்ணு அந்த வகுப்பில் பாதியிலேயே எழுந்து போய்விட்டாள், நான் கடைசி நாள் வரை உட்கார்ந்தேன். அதனால்தான் இதை நான் எழுதுகிறேன், அவள் எழுதவில்லை. எனக்கு வந்த வியாதி வந்தவர்கள் வெளியில் வாய் திறப்பதில்லை. தப்பான வழியில் வந்தது என்று ஊர் நினைக்கும் என்று பயம். நான் யாருக்கும் பயந்து வாழவில்லை. அதனால் நடந்ததை நடந்தபடி சொல்கிறேன், மெதுவாகத்தான் சொல்வேன்.

கண்புரை முகாமுக்கு வேன் வந்தது. இரண்டு பேரும் ஏறிப் போனோம். ஆபரேஷனுக்கு முன்னால் எல்லாருக்கும் ரத்தம் எடுத்தார்கள். சாயங்காலம் ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார்கள். வள்ளிக்கண்ணைக் கூப்பிட்டார்கள். பச்சை உடுப்பு மாட்டிக்கொண்டு, கல்யாணத்துக்குப் போகிறவள் போல என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்துவிட்டு உள்ளே போனாள். என்னை மட்டும் ஓரமாக ஒரு பெண் கூட்டிப்போய் உட்கார வைத்தாள்.

"அம்மா, ஒங்க ரத்தத்துல பி வகை மஞ்சள் காமாலைக் கிருமி தெரியுது. மொதல்ல பெரியாஸ்பத்திரியில போயி ஈரலைக் காட்டிருங்க. கண்ணு எங்கயும் போயிடாது, அப்புறம் பாத்துக்கலாம்."

"எனக்கு மஞ்சள் காமாலையே வந்ததில்லையே?"

"வராமலே உள்ளுக்குள்ள இருக்கும்மா."

மறுநாள் வள்ளிக்கண்ணு கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தாள். ஊரே வந்து பார்த்தது. ஆப்பிளும் ஆரஞ்சும் குவிந்தன. என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. உள்ளே இருக்கிற வியாதிக்கு யார் ஆப்பிள் வாங்கி வருவார்கள்?

புதுக்கோட்டையில் ஈரல் பார்க்கிற டாக்டரம்மா சின்ன வயசு. என் பேத்தி வயசு என்று சொல்ல மாட்டேன், மரியாதை இருக்கிறது. நிதானமாகப் பேசினார். ஹெபடைட்டிஸ் பி என்று பெயர். கிருமி ஈரலில் குடியேறி வருசக் கணக்காக இருக்கும். சில பேருக்கு ஒன்றும் செய்யாது, சில பேருக்கு ஈரலைச் சுருக்கிவிடும், புற்றும் ஆக்கிவிடும். பிறக்கும்போது தாயிடமிருந்து வரும், ரத்தம் பட்ட ஊசியால் வரும், புருசன் பெண்டாட்டிக்குள் வரும். தொட்டால் வராது. ஒரே தட்டில் சாப்பிட்டால் வராது. ஒரே தம்ளரில் குடித்தால் வராது. இதை அவர் என் மகனைப் பார்த்து இரண்டு தடவை சொன்னார்.

வீட்டில் இருக்கிற எல்லாரையும் பார்க்க வேண்டும் என்று முத்துக்குமார், சுகன்யா, வள்ளிக்கண்ணு மூன்று பேருக்கும் ரத்தம் எடுத்தார்கள். மூன்று பேருக்கும் இல்லை. மகனுக்கும் மருமகளுக்கும் இல்லை என்றதும் என் குலதெய்வத்துக்கு மனசுக்குள் கற்பூரம் ஏற்றினேன். வள்ளிக்கண்ணுக்கும் இல்லை என்றதும் ஏற்றின கற்பூரம் அணைந்துவிட்டது.

ஏன் என்று சொல்கிறேன். என் இடது முழங்கையில் பச்சையால் ஒரு கோலம் இருக்கிறது. அதே கோலம் வள்ளிக்கண்ணு கையிலும் இருக்கிறது. அவள் புதுப்பெண்ணாக வந்த சமயம், பச்சை குத்துகிறவள் ஒருத்தி தெருவுக்கு வந்தாள். மாமியார் எங்கள் இருவரையும் உட்காரச் சொன்னார். மூத்தவள் நான் இருக்கும்போது, "சின்னவ மொதல்ல ஒக்காரட்டும், புதுசா வந்த பிள்ளை" என்று சொல்லிவிட்டார். புது ஊசி அவள் கையில் இறங்கியது. அவள் ரத்தம் துடைத்த ஊசி என் கையில் இறங்கியது. அப்போதே எனக்கு அது பொறுக்கவில்லை. இப்போது டாக்டரம்மா ஊசி என்று சொன்னதும் எனக்கு அந்த ஊசிதான் கண்ணுக்கு முன்னால் நின்றது.

அன்றைக்கே கேட்டுவிட்டேன். "ஒரே ஊசிதானடி. ஒனக்கு இல்லாம எனக்கு மட்டும் எப்புடி வந்துச்சு?"

வள்ளிக்கண்ணு முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். "எனக்கென்னக்கா தெரியும். என் ரத்தம் கசப்பு போல, கிருமி துப்பிட்டுப் போயிருக்கும்."

அவள் எப்போதும் இப்படித்தான். சண்டைக்கு இழுத்தால் வர மாட்டாள். சண்டைக்கு வராதவளோடு ஒரே வாசலில் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று இருந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

சுகன்யா அப்போதுதான் உண்டாகியிருந்தாள். வருசக் கணக்காக ஆஸ்பத்திரிக்கும் கோயிலுக்கும் நடந்து நின்ற பிள்ளை. அதனால் அவளுக்குப் பயம். என் தம்ளருக்கும் தட்டுக்கும் அடியில் அவளுடைய சிவப்பு நகப்பாலிஷால் ஒரு புள்ளி வைத்துவிட்டாள். "சும்மா ஒரு அடையாளத்துக்குத்தான் அத்தை" என்றாள். டாக்டரம்மா சொன்னதை முத்துக்குமார் சொல்லிப் பார்த்தான். "வராதுன்னு அவுங்க சொல்லுவாங்க, வந்துட்டா யாரு பொறுப்பு?" என்று கேட்டாள். சுகன்யா கெட்டவள் இல்லை. வயிற்றில் பிள்ளையை வைத்துக்கொண்டிருப்பவளுக்கு எல்லாம் பாம்பாகத்தான் தெரியும். ஆனால் நான் ஆண்ட அடுக்களையில், எல்லாத் தம்ளரும் சேர்ந்து கவிழ்ந்திருக்கும்போது என் தம்ளர் மட்டும் ஜன்னலில் தனியாக நின்றது. வள்ளிக்கண்ணு வந்தால் எந்தத் தம்ளரை வேண்டுமானாலும் எடுத்துக் குடித்தாள்.

அதையாவது பொறுத்துக்கொண்டிருப்பேன். சேனை விசயம் கேள்விப்பட்டதும்தான் நெஞ்சு எரிந்தது.

எங்கள் பக்கம் பிள்ளை பிறந்ததும் வீட்டுப் பெரியவர்கள் சர்க்கரைத் தண்ணீரில் விரல் நனைத்து அதன் நாக்கில் வைப்பார்கள். அதற்குச் சேனை வைப்பது என்று பெயர். யார் சேனை வைக்கிறார்களோ அவர்கள் குணம் பிள்ளைக்கு வரும் என்பார்கள். எங்கள் பங்காளி வீடு அத்தனைக்கும் நான்தான் சேனை வைத்திருக்கிறேன். எங்கள் தெருவில் ஒரு பிள்ளை பிடிவாதம் பிடித்தால், "அழகம்மா சேனைல்ல, பின்ன எப்புடி இருக்கும்" என்று சொல்வார்கள். அதை நான் குறையாக எடுத்துக்கொண்டதில்லை. வள்ளிக்கண்ணை யாரும் சேனைக்குக் கூப்பிட்டதில்லை.

ஒருநாள் சுகன்யா அவள் அம்மாவோடு போனில் பேசியது காதில் விழுந்தது. "சேனைய சின்னத்தைய வைக்கச் சொல்லிடலாம்மா. அவுங்களுக்குத்தான் ரத்தம் சுத்தமா இருக்கு."

என் சொந்த மகன் பிள்ளைக்கு, என் வீட்டில், வள்ளிக்கண்ணு விரல். எனக்கு அன்றிலிருந்து ஒரே எண்ணம்தான். பிள்ளை பிறப்பதற்குள் என் ரத்தம் சுத்தமாக வேண்டும்.

தினமும் ஒரு மாத்திரை. அரசாங்கத்தில் இலவசமாகத்தான் கொடுத்தார்கள். ஒரு வேளை தவறாமல் விழுங்கினேன். கொஞ்ச காலம் கழித்து ரத்தம் எடுத்து வெளியூர் லேப்புக்கு அனுப்பினார்கள். பதில் வந்தது. முத்துக்குமார் படித்துக் காட்டினான். ரத்தத்தில் கிருமி தெரியவில்லை. டாக்டரம்மா சந்தோசப்பட்டார், மாத்திரையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள் என்றார். தெரியவில்லை என்பது மட்டும்தான் என் காதில் விழுந்தது.

வீட்டுக்கு வந்ததும் மண்ணெண்ணெயில் துணி நனைத்து, தம்ளருக்கு அடியில் இருந்த சிவப்புப் புள்ளியைத் தேய்த்து எடுத்தேன். மற்ற தம்ளரோடு சேர்த்துக் கவிழ்த்தேன். வியாதி இல்லாதவளுக்கு எதற்கு மாத்திரை? மாத்திரை விழுங்குவதைப் பார்த்தால் இன்னும் இருக்கிறது என்று சுகன்யா நினைப்பாள். டப்பாவை அரிசிப் பானைக்குள் போட்டு மூடினேன். எனக்குத் தெரிந்த நாலு பேராவது இப்படி நிறுத்தியிருக்கிறார்கள். சர்க்கரை மாத்திரையை நிறுத்தினவர்கள் இருக்கிறார்கள், பிரஷர் மாத்திரையை நிறுத்தினவர்கள் இருக்கிறார்கள். நல்லாயிருந்தால் நிறுத்துவதுதான் எங்கள் ஊர் வைத்தியம்.

கொஞ்ச நாள் ஒன்றும் தெரியவில்லை. பிறகு சோற்றைக் கண்டால் குமட்டியது. எழுந்தால் மறுபடி படுக்கத் தோன்றியது. வயசாகிவிட்டது என்று நினைத்தேன். ஒருநாள் குழாயடியில் வள்ளிக்கண்ணு என் முகவாயைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினாள்.

"அக்கா, கண்ணக் காட்டு."

"விடுடி."

"மஞ்சக்கிழங்காட்டம் இருக்கு. முத்து, இங்கிட்டு வாடா."

ஆபரேஷன் பண்ணின கண்ணால் பார்த்துச் சொன்னாள். அதையும் சொல்லிவிடுகிறேன்.

பெரியாஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பிலிருபின் என்று ஒன்று இருக்கிறதாம். ஈரல் வேலை செய்யாவிட்டால் அது ரத்தத்தில் தேங்கி, கண்ணும் தோலும் மஞ்சளாகிவிடும். எனக்கு அது ஏறிக்கொண்டே போனது. ரத்தம் உறைகிற நேரமும் தள்ளிப்போனது. அது தள்ளிப்போனால் ஈரல் கைவிரிக்கப் போகிறது என்று அர்த்தம். ஊசி குத்தின இடமெல்லாம் நீலம் பாய்ந்து கிடந்தது.

டாக்டரம்மா வந்து என் கட்டில் ஓரத்தில் நின்றார். கோபம் வந்தால் அவர் குரல் இறங்கும், ஏறாது.

"மாத்திரைய யாரும்மா நிறுத்தச் சொன்னது?"

"யாரும் சொல்லல. கிருமி இல்லன்னு வந்துச்சுல்ல."

"இல்லன்னு வரலம்மா. தெரியலன்னு வந்துச்சு. மாத்திரை அதைத் தலையில கைய வச்சு அமுக்கி வச்சிருந்துச்சு. நீங்க கைய எடுத்துட்டீங்க."

முத்துக்குமாரை வராந்தாவுக்குக் கூட்டிப்போய் ஏதோ சொன்னார். அவன் நேராக உள்ளே வரவில்லை. குழாயில் முகம் கழுவிவிட்டு வந்தான். துண்டு இல்லாமல் சட்டையில் துடைத்திருந்தான். "வெயிலு ஆத்தா" என்றான். மழைக்காலம் அது. செத்துப்போவதைக்கூட ஏற்றுக்கொண்டிருப்பேன் என்று நினைக்கிறேன். நான் செத்து, வள்ளிக்கண்ணு சேனை வைத்து, அந்தப் பிள்ளை அவளைப் போலவே சிரித்துக்கொண்டு திரியும் என்பதைத்தான் ஏற்க முடியவில்லை. அந்த நினைப்பு வந்தால் கண் மூடாது. பக்கத்துக் கட்டில்காரி குறட்டையைக் கேட்டு, இவளுக்கு வந்த வியாதி பரவாயில்லை போல என்று அவள் மேலும் பொறாமைப்பட்டுக்கொண்டு படுத்திருப்பேன்.

சீப்பையே ஒழுங்காகப் பிடிக்கத் தெரியாத முத்துக்குமார் எனக்குத் தலை வாரிவிட்டான். சிக்கு வந்த இடத்தில் மூச்சைப் பிடித்துக்கொள்வான், எனக்கு வலிக்கிறதா அவனுக்கு வலிக்கிறதா என்று தெரியாது. மாத்திரை இலவசம் என்றாலும் ஸ்கேனுக்கும் வண்டிக்கும் ஆன செலவை அவன் என் காதுக்குக் கொண்டுவரவில்லை. சுகன்யாவை வார்டுக்கு வரக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். அவள் வீட்டில் காய்ச்சிக் கொடுக்க, வள்ளிக்கண்ணு பஸ் பிடித்துக் கஞ்சித் தூக்கைக் கொண்டுவருவாள். தூக்குக்கு அடியில் சிவப்புப் புள்ளி மறுபடி வந்திருந்தது.

வள்ளிக்கண்ணு வந்தால் வார்டே அவளைச் சுற்றிக்கொள்ளும். ஒருத்திக்கு வெந்நீர் பிடித்துக் கொடுப்பாள், ஒருத்திக்குப் போன் போட்டுக் கொடுப்பாள். "ஒங்க தங்கச்சியா, தங்கமானவுங்க" என்று என்னிடம் வந்து சொல்வார்கள். "தங்கச்சி இல்ல, ஓரகத்தி" என்று சொல்லிவிட்டு நான் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வேன்.

மாத்திரை மறுபடி கொடுத்துக் கொஞ்சம் மஞ்சள் இறங்கின பிறகு ஒருநாள், டாக்டரம்மா ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"ஒங்க ரத்தத்துல இன்னொரு விதமா தேடிப் பாக்கலாம்னு இருக்கேன். எல்லாருக்கும் செய்யிற டெஸ்ட் இல்ல இது. நாங்களே இன்னும் படிச்சுக்கிட்டுத்தான் இருக்கோம். இஷ்டம் இருந்தா மட்டும் குடுங்க."

எப்படிப் பார்ப்பீர்கள் என்று கேட்டேன். சொன்னார். ரத்தத்தைக் குழாயில் ஊற்றி ஒரு மிஷினில் வைத்து வேகமாகச் சுற்றினால் அது பிரிந்துவிடும். மேலே வெளிறின மஞ்சளாக ஒரு தண்ணீர் நிற்கும். அடியில் சிவப்பு இறங்கிவிடும். இரண்டுக்கும் நடுவில் பாலாடை மாதிரி மெல்லிசாக ஒரு வெள்ளை படியும். அதுதான் நோயோடு சண்டை போடுகிற வெள்ளை அணுக்கள். வழக்கமாகக் கிருமியைத் தேடுவது மேலே நிற்கிற தண்ணீரில்தான். அங்கே தெரியாவிட்டாலும் சில பேருக்கு அந்தப் பாலாடைக்குள் போய் ஒளிந்திருக்கும்.

"காவலுக்கு வச்ச ஆள் வீட்லயே திருடன் தங்குறானாக்கும்" என்றேன்.

டாக்டரம்மா சிரித்தார். "அதேதான். இருக்குறது ஒண்ணு, வேலை செய்யிறது இன்னொண்ணு. சும்மா கிடக்குதா, இல்ல தன்னைப் போலவே செஞ்சு செஞ்சு தள்ளுதான்னு பாக்கணும். வேலை செஞ்சா அதுக்குன்னு ஒரு ஏவல், உத்தரவுச் சீட்டு மாதிரி, எழுதும். அந்த ஏவல் கெடைச்சா முழிச்சிருக்குன்னு அர்த்தம்."

எனக்குப் புரிந்தது. குதிரில் கிடக்கிற விதைநெல்லும் நெல்தான், முளைவிட்ட நெல்லும் நெல்தான். கையில் எடுத்துப் பார்த்தால்தான் எது எது என்று தெரியும். என் ரத்தம் படிக்கிறவர்களுக்கு உதவும் என்பதில் எனக்குப் பெருமை. கையை நீட்டினேன். வார்டில் வேறு யாரையும் கேட்கவில்லை என்று பக்கத்துக் கட்டில்காரிக்குக் கேட்கிற மாதிரிச் சொன்னேன்.

அந்தப் பெருமை நிலைக்கவில்லை. கஞ்சித் தூக்கோடு வள்ளிக்கண்ணு வந்தாள். மூடியைத் திறக்க முடியாமல் விரல்கள் மடங்காமல் தடுமாறினாள். டாக்டரம்மா அவள் கையை வாங்கிப் பார்த்தார். மூட்டெல்லாம் வீங்கியிருந்தது.

"எத்தனை நாளா இப்புடி?"

"காலையில மட்டும்தான் மடக்க வராது டாக்டரம்மா. வேலை செய்யச் செய்யச் சரியாப் போயிரும்."

மூட்டுவாதம் பார்க்கிற இடத்துக்கு அனுப்பினார்கள். உடம்பே தன் மூட்டைத் தாக்குகிற வாதமாம். அதற்குப் பலமான மருந்து கொடுக்க வேண்டும். அது உடம்பின் எதிர்ப்புச் சக்தியைத் தணிக்கிற மருந்து. தணித்தால் உள்ளே தூங்குகிற கிருமி எதுவாவது எழுந்துகொள்ளும் என்று முதலில் ரத்தம் பார்த்தார்கள். கிருமி இல்லை. ஆனால் எப்போதோ ஒரு காலத்தில் அந்தக் கிருமி வந்துபோன தடம் இருந்தது. டாக்டரம்மா அவளிடமும் கேட்டார், அந்த வெள்ளை அணுவைப் பார்த்துவிடலாமா என்று.

கஞ்சி கொண்டு வந்தவள் என் டெஸ்ட்டுக்கும் பங்குக்கு வந்துவிட்டாள்.

"ஒனக்கு எதுக்குடி அது? ஒனக்குத்தான் கசப்பு ரத்தமாச்சே."

"கேக்குறாங்க, குடுக்குறேன். ஒன் ரத்தத்துக்குத் தொணையாப் போகட்டுமேக்கா."

நான் வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டரம்மா சொன்ன சமயத்தில் இரண்டு பதிலும் வந்தன. வள்ளிக்கண்ணை மட்டும் தனியாகக் கூப்பிட்டார்கள். அவள் அசையவில்லை. "அக்காவ வச்சுக்கிட்டே சொல்லுங்க. எனக்குத் தனியாக் கேட்டா புரியாது."

என் வெள்ளை அணுவுக்குள் கிருமி முழித்துக்கொண்டிருந்தது. மேல்தண்ணீரில் மறுபடி மறைந்தாலும் இது இருக்கும், அதனால் மாத்திரையை நிறுத்தக் கூடாது என்றார். எனக்குத் தெரிந்ததுதான். பிறகு வள்ளிக்கண்ணைப் பார்த்தார். அவள் வெள்ளை அணுவிலும் இருந்தது. கொஞ்சமாக, தூங்கிக்கொண்டு.

சொன்னேன்ல என்று என் வாய் வரைக்கும் வந்தது. அதற்குப் பதிலாக, "அப்ப இவகிட்டருந்துதான எனக்கு வந்துருக்கு? பச்சை குத்துன ஊசி" என்று கேட்டேன்.

"சொல்ல முடியாதும்மா. ஒங்ககிட்ட இருந்து அவுங்களுக்குப் போயிருக்கலாம். அந்த ஊசி அதுக்கு முன்னாடி யார் யார் கையில இறங்குச்சோ. ஒங்க தாய்கிட்ட இருந்தும் வந்திருக்கலாம். எந்த டெஸ்டும் அதைச் சொல்லாது."

அது எனக்குப் பெரிய ஏமாற்றம். இவ்வளவு தூரம் உள்ளே புகுந்து பார்க்கிற மிஷினுக்கு, எது முதல் என்று மட்டும் சொல்லத் தெரியவில்லை.

வள்ளிக்கண்ணுக்கும் மாத்திரை எழுதினார்கள். மூட்டு மருந்து உள்ளே போகும்போது அந்தக் கிருமி எழுந்துவிடாமல் காவலுக்கு. வாங்கிப் பார்த்தேன். என் மாத்திரைதான். அதே டப்பா, அதே நிறம்.

வெளியே வேப்பமரத்தடி பெஞ்சில் உட்கார்ந்தோம். முத்துக்குமார் ஆட்டோ பிடிக்கப் போயிருந்தான். வள்ளிக்கண்ணு மாத்திரை டப்பாவை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"அக்கா."

"என்ன?"

"வீட்டுல இத இப்ப சொல்லாதக்கா. சேனை முடியட்டும். என் மகளுக்குத் தலைப்பிள்ளை பொறந்தப்பவும் அவ மாமியாதான் வச்சா. இது ஒண்ணுதான் எனக்கு."

நாற்பது வருசத்துக்கு மேல் ஒரே வாசலில் இருந்தும் அவள் என்னிடம் எதையும் கேட்டதில்லை. கேட்காமலே எல்லாம் கிடைத்தவள் என்றுதான் நான் நினைத்திருந்தேன். இப்போது அவள் கேட்கிறாள், கொடுக்கிற இடத்தில் நான் இருக்கிறேன். வீட்டுக்குப் போய் சுகன்யாவிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும், எனக்கு இல்லாத சேனை அவளுக்கும் இல்லை. ஆட்டோவில் வரும் வழியெல்லாம் அந்த வார்த்தையை நாக்கில் வைத்து உருட்டிக்கொண்டே வந்தேன்.

சொல்லவில்லை. நல்ல மனசு என்று யாரும் நினைக்க வேண்டாம். கணக்குப் போட்டுத்தான் பார்த்தேன். நான் சொன்னால் என்ன ஆகும்? அவளுக்கு மூட்டும் போச்சு, ரத்தமும் போச்சு என்று எல்லாரும் உருகுவார்கள். முத்துக்குமார் இரண்டு ஆத்தாவையும் ஒரே குரலில் கூப்பிடுகிறவன், இரண்டு பேருக்கும் ஒரே தடவையாகத் தலை வாரிவிடுவான். ஊர் ஆப்பிளோடு வரும், பாதி அங்கே போகும், ஏன், முக்கால் அங்கே போகும். எனக்கு இருப்பது இந்த ஒரு வியாதி. அதிலும் அவளைப் பங்குக்குச் சேர்க்க எனக்கு மனசில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு ஒன்று நடந்தது. மாசப் பரிசோதனைக்குப் போன சுகன்யா, யாரும் சொல்லாமலே, ஈரல் டாக்டரம்மாவைத் தேடிப்போய்த் தானே கேட்டிருக்கிறாள். என்ன கேட்டாள், அவர் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. மறுநாள் காப்பி வந்தது. குடித்து முடித்துத் தம்ளரைத் திருப்பிப் பார்த்தேன். புள்ளி இல்லை. மண்ணெண்ணெய் வாசம் லேசாக அடித்தது.

ஆனால் சேனையைப் பற்றிப் பேச்சே எழவில்லை. பேசி முடித்ததை மாற்ற வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. வாய்விட்டுக் கேட்க எனக்கு வராது.

சுகன்யாவுக்கு வலி கண்டு அதே ஆஸ்பத்திரிக்குப் போனோம். பிரசவ வார்டு வாசலில் நானும் வள்ளிக்கண்ணும் உட்கார்ந்திருந்தோம். அவள் மடியில் ஒரு வெள்ளிக் கிண்ணம், சர்க்கரைத் தண்ணீர், மேலே வாழையிலைத் துண்டு மூடியிருந்தது. அந்தக் கிண்ணம் என் மாமியாருடையது. எல்லாச் சேனையையும் நான் அதில்தான் வைத்திருக்கிறேன். அதை அவள் மடியில் பார்க்காமல் இருக்க, எதிரே சுவரில் ஒட்டியிருந்த படத்தை எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்தேன்.

முத்துக்குமார் வந்தான். "பொம்பளப் புள்ள ஆத்தா. நல்லாருக்கு. சின்னாத்தா, கிண்ணத்த எடுத்துக்கிட்டு வாங்க."

வள்ளிக்கண்ணு எழுந்தாள். இரண்டு அடி நடந்தவள் நின்றுவிட்டாள். திரும்பி என்னைப் பார்த்தாள். நான் படத்தையே பார்த்தேன்.

"முத்து" என்றாள். "என் ரத்தம் சுத்தமில்லடா. அக்காவுக்கு இருக்குறதுதான் எனக்கும். டாக்டரம்மா பாத்துச் சொன்னாக. அக்காவுக்குத் தெரியும், எனக்காக வாய மூடிக்கிட்டு இருக்கு. மூத்தவ இருக்கையில நா வைக்கக் கூடாது. அக்காவே வைக்கட்டும்."

கிண்ணத்தை என் பக்கம் நீட்டினாள். மடங்காத விரலில் அது ஆடியது, கொஞ்சம் சிந்தியது.

இத்தனை நாள் சொல்லாமல் வைத்திருந்த ஒரு பெருமை எனக்கு இருந்தது. அதையும் அவள் ஒரே நிமிசத்தில் சொல்லித் தீர்த்துவிட்டாள். சேனையை விட்டுக்கொடுத்த பெருமையும் அவளுக்கே போய்விட்டது. முத்துக்குமார் அவளைப் பார்த்த பார்வையை நான் பார்த்தேன். ஆனால் கிண்ணத்தை வாங்கிக்கொண்டேன். வாங்காமல் இருக்க நான் சாமியார் இல்லை.

உள்ளே போனோம். துணியில் சுற்றின பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நர்சம்மா நின்றார். கிண்ணத்தைப் பார்த்ததும் முகம் மாறியது.

"அது என்ன கிண்ணம்? சேனையா? அதெல்லாம் உள்ள கொண்டுவரக் கூடாது. ஆறு மாசத்துக்குத் தாய்ப்பால் மட்டுந்தான், பச்சத்தண்ணிகூடக் கெடையாது."

"ஒரு சொட்டுதாம்மா. வழக்கம்."

"வழக்கமாத்தான் வயித்தால போகுது. நாங்க போட வேண்டியதப் போட்டாச்சு."

"என்ன போட்டீங்க?"

"தொடையில ஊசி. மஞ்சள் காமாலை பி-க்குத் தடுப்பூசி. பொறந்த உடனே எல்லாப் புள்ளைக்கும் போடுறதுதான். இனி மிச்ச ஊசியும் போட்டுட்டா இந்தக் கிருமி இவகிட்ட வராது."

நான் அந்தச் சிவந்த தொடையைப் பார்த்தேன். ஊசி இறங்கின இடத்தில் சிறு புள்ளி. இந்த வீட்டுப் பிள்ளைக்கு முதல் சேனையை யாரோ ஒரு நர்சம்மா வைத்துவிட்டார். புது ஊசி, யார் ரத்தமும் படாத ஊசி. பிறந்த அன்றைக்கே அது அவளுக்குக் கிடைத்துவிட்டது. எனக்கு அந்தப் பிள்ளை மேலேயே பொறாமையாக இருந்தது.

"பெரியவுங்க யாரு? புள்ளைய வாங்குங்க" என்றார் நர்சம்மா.

நானும் வள்ளிக்கண்ணும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தோம். படுக்கையில் இருந்து சுகன்யா குரல் வந்தது, களைத்த குரல்.

"அத்தைக்கிட்ட குடுங்க. அவுங்கதான் பெரியவுங்க."

கிண்ணத்தை வள்ளிக்கண்ணு கையில் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பிள்ளையை வாங்கினேன். கனமே இல்லை. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தது. வெள்ளை வெளேரென்று இருந்தது கண். போதும் என்கிறவரை கையில் வைத்திருந்தேன். போதுமானதற்கு மேலும் கொஞ்சம் வைத்திருந்தேன். பிறகுதான் வள்ளிக்கண்ணிடம் கொடுத்தேன்.

வெளியே வந்து பழைய இடத்தில் உட்கார்ந்தோம். கிண்ணம் அவள் மடியில் அப்படியே இருந்தது. சேனைத் தண்ணீரைக் கீழே ஊற்றக் கூடாது என்பார்கள்.

"என்னக்கா செய்யிறது இத?"

"குடிக்க வேண்டியதுதான். ஆளுக்குப் பாதி."

வள்ளிக்கண்ணு இலையை எடுத்தாள். "மொதல்ல நீ குடிக்கா. மூத்தவ."

"வேணாம். அன்னைக்கு ஊசிக்கும் நீதான மொதல்ல ஒக்காந்த. இதுக்கும் நீயே ஒக்காரு."

அவள் சிரித்தாள். கிண்ணத்தை வாயில் வைத்துக் குடித்தாள். வாய் வைத்த கிண்ணத்தைத் துடைக்காமல் அப்படியே என்னிடம் நீட்டினாள். நானும் துடைக்காமல் வாங்கினேன்.

உள்ளே எட்டிப் பார்த்தேன். பாதி என்று சொல்லிவிட்டுப் பாதிக்கு மேலே குடித்திருந்தாள்.